எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினர்

மலேசியாவில் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் குறைநீக்கல் வகுப்பு நிறுத்தப்பட்டது. மூன்றாம் ஆண்டு வரை வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பன்னிரண்டு பிள்ளைகளுக்காக, புனிதா டீச்சர் என்ற பகுதிநேர ஆசிரியை மாலையில் நடத்திய வகுப்பு அது. அரசாங்கத்தின் பள்ளி நிதிச் சீரமைப்புப் பிரிவு அனுப்பிய சுற்றறிக்கையில், வகுப்பு நிறுத்தப்படவில்லை, 'நிதி தேவைப்படாத நிலைக்கு உயர்த்தப்பட்டுள்ளது' என்று மரியாதையாக விளக்கியிருந்தார்கள்.

பண்டமாரானில் குடியிருக்கும் உஷாராணிக்கு இந்த உயர்வு பிடிக்கவில்லை. அவருக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. மகள் தாமரை அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. புத்தகத்தைப் பார்த்தாலே வயிற்றுவலி வரும் பிள்ளை, புனிதா டீச்சரிடம் போக ஆரம்பித்த பிறகு பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். நகைக்கடைப் பலகை வரை படித்துவிட்டாள். வகுப்பு நின்றால் திரும்பவும் வயிற்றுவலிதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடியது. மறியல் செய்வது என்று ஏகமனதாக முடிவானது. தலைவர் ஞானசம்பந்தம் தொண்டையைச் செருமினார். இரத்த தான முகாம் முதல் பூப்பந்துப் போட்டி வரை எதையும் நடத்திப் பழகியவர்.

"சரி, மறியலைத் திறந்து வைக்கிறது யாரு?"

"நாமதான் அங்கிள்" என்றார் உஷாராணி.

"நாம கலந்துக்குவோம்லா. நான் கேக்கறது விஐபி."

"அங்கிள், இது நிகழ்ச்சி இல்ல. சண்டை."

"சண்டைன்னாலும் ஆரம்பிச்சு வைக்க ஒரு பெரிய மனுஷன் வேணாமா? நாமளே திடீர்னு கத்த ஆரம்பிச்சா பாக்கறவன் என்ன நினைப்பான்?"

சபைக்கு இது நியாயமாகப் பட்டது. நம் ஊரில் மண்டபத்துக் கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டாலும், ரிப்பன் வெட்ட ஒருவர் வரும்வரை எல்லாரும் அடக்கிக்கொண்டு காத்திருப்பது வழக்கம். சட்டமன்ற உறுப்பினர் வெளிநாட்டில் இருந்தார். தொழிலதிபர் ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார். நெடுநேர ஆலோசனைக்குப் பிறகு, நிதியை வெட்டிய பிரிவின் தலைவரும் 'டத்தோ' பட்டம் பெற்றவருமான ராஜேஷ்குமாரையே அழைப்பது என்று முடிவானது. வெட்டியவர் இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று தலைவர் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை.

டத்தோ சம்மதித்தார். அவருடைய செயலாளர் ஆயிஷா, உஷாராணிக்குப் போன் செய்தார்.

"அக்கா, கோங் இருக்குல்ல? டத்தோ மூணு தடவ அடிச்சுத் திறந்து வைப்பாரு."

"பாக்கறேன் மிஸ்."

"மாலை ரோஜாவா இருக்கட்டும். சாமந்தி ஆகாது, தும்முவாரு. அப்புறம் நீங்க அனுப்புன கோஷமெல்லாம் பாத்தேன். 'ஒழிக'ன்னு ஒண்ணு இருக்கு."

"அதை எடுக்க மாட்டோம் மிஸ்."

"யாருக்கா எடுக்கச் சொன்னா? வரும்போதே போட வேணாம்னு சொல்றேன். வரும்போது 'வருக', உக்காந்ததும் 'ஒழிக'. ரெண்டுக்கும் நடுவுல பொன்னாடை."

உஷாராணி போனை வைத்தார். பிறகு அந்த வெண்கலக் கோங்கைத் தேடப் போனார். மகள் படிக்க வேண்டுமே.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தப் பிரிவு அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே கூடாரம் போட்டார்கள். நாதஸ்வரம் வாசித்தார்கள். நான்காம் ஆண்டு மாணவிகள், நிதியின்றி வாடும் பள்ளியைச் சித்திரிக்கும் நடனத்தை ஜிகினாப் பாவாடையில் ஆடினார்கள். கோங் மூன்று முறை ஒலித்தது. அறிவிப்பாளர் குரல் தழுதழுக்க, "நம் பிள்ளைகளின் வகுப்பை நிறுத்திய பெருமைக்குரிய மாண்புமிகு டத்தோ அவர்களே" என்று தொடங்கியபோது கைதட்டல் அடங்க நேரமானது.

பிறகு 'ஒழிக' போட்டார்கள். டத்தோ காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பின்வரிசையில் உணர்ச்சி போதவில்லை" என்று மைக்கில் அன்போடு சொன்னார். "மறுபடியும் ஒருமுறை."

பின்வரிசை இரண்டாம் முறை நன்றாகச் செய்தது.

கடைசியாகத் தாமரை மேடையேறி கோரிக்கை மனுவைப் படித்தாள். இதற்காகப் புனிதா டீச்சர் சம்பளமில்லாமல் வீட்டுக்கே வந்து பழக்கியிருந்தார். தலைவருக்கே நாக்குப் பிறழும் 'நிதி ஒதுக்கீட்டுக் குறைப்பு' என்ற சொற்றொடரைப் பிள்ளை தடுமாறாமல் தாண்டினாள். உஷாராணி அழுதுவிட்டார்.

டத்தோ எழுந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு அழகாகப் படிக்கும் பிள்ளைக்குக் குறைநீக்கல் வகுப்பு எதற்கு?"

உஷாராணி கூட்டத்திலிருந்து கத்தினார். "டத்தோ! அவ படிக்கிறதே அந்த வகுப்பாலதான்!"

"வகுப்பு எப்போது நின்றது?"

"போன மாசம்."

"பிள்ளை எப்போது படிக்கிறாள்?"

"இப்ப..."

"ஆக, வகுப்பு நின்ற பிறகு படிக்கிறாள். மறியல் என்றதும் மேடையேறிப் படிக்கிறாள். அப்படியென்றால் பிள்ளைக்குத் தேவை வகுப்பா, மறியலா?"

"மறியல்!" என்றது பின்வரிசை. அது இப்போது நன்றாகப் பழகியிருந்தது.

எதிர்ப்புப் பண்பாட்டு மேம்பாட்டுக்காக இந்தப் பள்ளிக்கு ஆண்டுதோறும் சிறப்பு நிதி வழங்கப்படும் என்று டத்தோ அங்கேயே அறிவித்தார். அவர் காரில் எப்போதும் இருக்கும் கதவளவு அட்டைக் காசோலையை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். எல்லாரும் அதன் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் வாழையிலைச் சாப்பாடு.

நிதி வந்ததும் பொறுப்புகளும் வந்தன. கோஷத்துக்கு ஒரு துணைக்குழு, பதாகைக்கு ஒன்று, கோங்குக்குத் தனியாக ஒன்று. புனிதா டீச்சர் 'எதிர்ப்புரைப் பயிற்றுநர்' ஆனார். அதே மாலை நேரம், அதே அறை. மாணவர் மட்டும் ஒருவர்தான். பேச்சாளர் ஒருவருக்கே பயிற்சி என்பது நிபந்தனை. அந்த ஒருவர் தாமரை.

"மத்த பதினோரு பிள்ளைங்க அங்கிள்?" என்று உஷாராணி கேட்டார்.

"அவங்க கோஷத்துல இருக்காங்கம்மா. அதுக்குப் படிக்கத் தெரியணுமா என்ன? மனப்பாடம் போதும்லா."

உஷாராணி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அன்று மாலை வீட்டில் தாமரை ஒரு கதைப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துக் காட்டினாள். வாய் மூடிக்கொண்டது. மறுவாரம் அவர் மகளிர் பிரிவுத் தலைவியானார்.

பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கில் இருக்கும் மாரியாயி ஒருநாள் படியில் மறித்தார். "உஷா, எம்மவளையும் அந்த வகுப்புல ஒரு ஓரமா உக்கார வைக்கச் சொல்லேன். அவளும் அந்தப் பன்னெண்டுல ஒருத்திதானே?"

"நான் என்னக்கா பண்றது? நடைமுறை அப்படி. ஆனா அவதானே இப்ப கோஷத்துக்குத் தலைவி? எவ்வளவு பெரிய பொறுப்பு!"

மாரியாயி யோசித்துப் பார்த்தார். மகள் இதற்கு முன் எதற்கும் தலைவியாக இருந்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது பேரிடி விழுந்தது. அடுத்த சுற்றறிக்கையில் நிதி வெட்டு ரத்து. குறைநீக்கல் வகுப்பு பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் மீண்டும் நடக்கும். ஆகவே எதிர்ப்புக்கான சிறப்பு நிதி முடிவுக்கு வருகிறது.

மறுநாள் காலை பெற்றோர் பிரிக்ஃபீல்ட்ஸில் திரண்டார்கள். கூடாரம் இல்லை, அனுமதி இல்லை, அழைப்பிதழ் அடிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. முதல் ஆளாக நின்று இரும்புக் கேட்டைப் பிடித்து உலுக்கியவர் உஷாராணி.

"அக்கா, என்ன வேணும் உங்களுக்கு?" என்று காவலர் பயந்துபோய்க் கேட்டார்.

"வெட்டு வேணும்!"

"வேணும்! வேணும்!" என்று மாரியாயியின் மகள் எடுத்துக்கொடுக்க, தெருவே அதிர்ந்தது. டத்தோ மாடி ஜன்னலைத் திறந்து பார்த்தார். கீழே யாரும் 'வருக' சொல்லவில்லை. ஜன்னலை மூடிக்கொண்டார்.

மதியத்துக்குள் ஓர் அறிவிப்பைக் கேட்டில் ஒட்டினார்கள். கூட்டம் முண்டியடித்தது. உஷாராணி மகளைத் தோளில் தூக்கினார். தாமரை ஒரு சொல்லிலும் தடுமாறாமல் உரக்கப் படித்தாள்: "பொதுமக்களின் ஒருமித்த குரலுக்கு மதிப்பளித்து, நிதிக் குறைப்பு மீண்டும் நடைமுறைக்கு வருகிறது."

கைதட்டல் எழுந்தது. மாரியாயியின் மகள் அந்தக் காகிதத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்று தாமரையைக் கேட்டாள்.

"நாம ஜெயிச்சிட்டோம்."