பட்டப்பகலில் எரிந்த லாரி லைட்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலேயே உச்சிவெயிலில் லைட் போட்டுப் பெயர் வாங்கிய ஆள் எங்கள் பகல்லைட்டு அண்ணன் ஒருவர்தான். தோட்டத்து லாரி ஓட்டியவர். சொந்தப் பெயர் அவர் பெண்சாதிக்கே மறந்திருக்கும்.

எங்கள் லயத்து வீடுகளுக்குக் கரண்டை வெட்டிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் வியாதி. இன்சுலினைக் குளிரில் வைக்கணுமே! அண்ணன்தான் கூரையில் சோலார் தட்டு ஏற்றி, லாரி பேட்டரியில் மாட்டி, சின்ன ஃபிரிஜ்ஜை ஓடவிட்டார்.

அளவுக்கு மேல் ஏறினால் பேட்டரி கொதித்துச் செத்துப்போகுமாம். அதற்கும் அவரே வழி செய்தார். பேட்டரி நிறைந்ததும் தானாகத் தட்டும் ஒரு சுவிட்சு, அதில் வாசலில் மாட்டிய லாரி முன்லைட். மிச்சக் கரண்டை லைட் குடித்துவிடும்.

"என்னண்ணே, சூரியனைத் தேடுறீங்களா?" என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

"பேட்டரி வயிறு ரொம்பி ஏப்பம் விடுது லா. நீ விடுறதில்ல?"

மழை நாளில் வந்து பேட்டரியைத் தடவி, "பாவம், இன்னிக்குப் பட்டினி" என்று முகம் வாடுவார்.

ஒரு நாள் அம்பாங்கானிலிருந்து நாத்தனார் வந்தார். பகலில் லைட் எரிவது வீண் என்று, என்னிடம் சொல்லாமலே பல்பைக் கழற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் அழுகின முட்டை நாற்றம். நான் முட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். நாத்தனார் நாற்றம் போகச் சாம்பிராணி போட நெருப்புக்குச்சியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன், எதிர்லயத்துக் குழாயடியிலிருந்து லைட் எரியாததைக் கண்டு, பாதிக் குளியலில் துண்டைப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"கொளுத்தாதம்மா! அது பேட்டரி ஆவி! பத்திக்கிச்சுன்னா பூசை நமக்குத்தான்!"

ஒரு கையில் துண்டு. மறு கையால் கதவையெல்லாம் திறந்தார், சுவரோரம் சோலார் வயரைப் பிரித்தார். மாற்றுப் பேட்டரி கிடையாது. நான் மருந்துக் குப்பியை எடுத்து ஈரத்துணியில் சுற்றினேன்.

"பொழைக்குமாண்ணே?"

"சும்மா இரு தங்கச்சி, அதுவே பயந்து கெடக்கு."

ஆறவைத்தார். தண்ணீர் ஊற்றினார். பல்பை மாட்டி, வயரைச் சேர்த்தார். ஃபிரிஜ் 'உர்ர்' என்றது. நாத்தனார் அழுதேவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அண்ணனும் அப்போதுதான் துண்டை ஒழுங்காகக் கட்டினார்.

ஊற்றியது வெறும் பேட்டரித் தண்ணீரா, ஆசிட்டா என்று நினைவில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அண்ணனையே கேட்கலாம்தான். ஆனால் கேட்டால், பேட்டரிக்கு என்னமோ ஏதோ என்று அந்த மனுஷன் பாதிச் சோற்றில் எழுந்து ஓடிவந்துவிடுவார்.