மைத்துனனின் கிட்டாரும் என் இலக்கண நூலும்

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். தணிந்த பிறகு எழுதினால் உண்மை குறைந்துவிடும்.

இனி இந்த வீட்டில் என் சொல்லே நிற்கும் என்று சென்ற மாதம் முடிவு செய்தேன். அந்த முடிவை என் மனைவி வெங்கடேஸ்வரியிடம் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் நிற்காது.

முடிவுக்குக் காரணம் ஒரு மின்கிட்டார். அவளுடைய தம்பி ஜெயபாண்டி பட்டாளத்தில் இருந்தவன். புனேயில் ஒரு கோவாக்காரரிடம் அந்தப் பழைய கிட்டாரை வாங்கினான். ராஜபாளையம் திரும்பியதும் மெல்லிசைக் குழு ஒன்றைத் தொடங்கி, சேத்தூர் முதல் கூமாப்பட்டி வரை ஒரு திருவிழாவையும் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல் கிட்டாரோடே குடும்பம் நடத்தியவன், சென்ற தை மாதம் காலமானான். கிட்டார் அக்காவிடம் வந்தது. அவளுக்கு வந்தது எனக்கு வந்ததே என்பது என் வாதம்.

அது கறுப்புப் பெட்டிக்குள் என் புத்தக அலமாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டது. ஓர் அகராதி எடுக்க வேண்டுமானால் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இந்த வயதில்! அலமாரியில் இருப்பதோ, நான் வாழ்நாளெல்லாம் எழுதிய இலக்கண நூலின் கையெழுத்துப் படி. ஒரு பதிப்பாளனும் தொட மறுக்கிறான். "செலவை நீங்களே பாத்துக்கிட்டாப் போடலாம் சார்" என்கிறார்கள். தமிழ்நாட்டில் தமிழுக்கு இந்த மரியாதை!

செலவுக்கு வழி அந்தப் பெட்டிக்குள் இருக்குமோ என்று தோன்றியது. பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் மதுரைத் தனுஷ்கோடியை, மனைவி வளைகாப்புக்காகக் கான்சாபுரம் போயிருந்த நாளாகப் பார்த்து வரவழைத்தேன்.

"சார், இதத் துடைச்சீங்களா?"

"இல்லய்யா. இனிமேத்தான் தேங்காண்ணெ தடவித் துடைக்கணும்."

"ஐயையோ! கைய எடுங்க!"

என் வீட்டில், என் கையை! பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கிட்டாரின் கழுத்தையும் உடலையும் வேறாக்கினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"அமெரிக்காவுல செஞ்சது சார். அறுபதுகள்ல. பின்னாடித் தகட்டுல இருக்க நம்பரு, கழுத்தடியில இருக்க தேதி, உள்ள ஒயரு, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. எல்லாத்தையும் விட, பெயின்ட் ஃபேக்டரியில அடிச்ச அசல்."

"அதான் உதிர்ந்து கெடக்கே?"

"உதிரட்டும். வாசிச்சு வாசிச்சுத் தேஞ்சா வெலை கூடும். புதுசா எதையாவது அடிச்சு, சுரண்டி வச்சாத்தான் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேய்ந்தால் விலை கூடுமாம்! பள்ளிக்கூடத்தில் தலைமயிர் உதிரத் தேய்ந்தவன் நான். எனக்கு எவன் கூட்டினான்?

அவர் தொகையைச் சொன்னார். என் கோபம் எழுந்து ஒரு நொடி வெளியே போய் நின்றது. என் இலக்கண நூல் கண்முன் வந்தது: இரண்டு தொகுதிகள், கெட்டி அட்டை, பொன்னெழுத்து.

"தனுஷ்கோடி, வெள்ளிக்கிழம வாங்க. எம் பொஞ்சாதி இருப்பா. அவ தம்பி சாமான், தெரியாம எடுத்தா ஊரக் கூட்டிருவா; வெல தெரிஞ்சா லேசுல விடமாட்டா. நீங்க பழைய சாமான் எடுக்கிற ஆளுன்னு சொல்லி வைக்கேன்."

"காயலான் கடையா? எனக்குன்னு ஒரு மரியாத இருக்கு சார்."

"கிட்டாரு வேணுமா, மரியாத வேணுமா?"

சற்றே யோசித்தார். "தராசு கொண்டாரணுமா சார்?"

அன்று மாலை நான் தொடங்கினேன்.

"ஏட்டி, அந்தக் கிட்டார ஒருத்தர்ட்டக் காட்டுனேன். வெறுங்கட்டையாம்."

"அப்படியா சொன்னாரு?"

"வெறகுக்குத்தான் ஆகுமாம். வெள்ளிக்கிழம வந்து எடுத்துக்கிடுவாரு."

"எந்தம்பி சாமானுங்க."

"கறையான் ஏறுனா அம்புட்டுப் புஸ்தகமும் போயிரும். தம்பி வந்து எழுதித் தருவானா?"

அழுது புரண்டு சண்டை போடுவாள் என்று பதில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை.

"சரிங்க. நீங்க படிச்சவுக. குடுக்கதுக்கு முன்ன ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போயி, எந்தங்கச்சிகிட்ட ஒருக்காக் காட்டிட்டு வந்துருதேன். அவளும் கூடப்பொறந்தவதானே?"

பெருந்தன்மையோடு அனுமதித்தேன். பெட்டியைப் பேருந்து நிலையம் வரை நானே சுமந்தேன். நடத்துநர் அதைக் காலால் நகர்த்தியபோது, "ஏலே, கண்ணு தெரியலையா?" என்று சீறினேன்.

"வெறுங்கட்டைக்கு எதுக்குங்க இம்புட்டுக் கோவம்?" என்றாள்.

"பெட்டிக்குச் சொன்னேன்."

மாலையில் பெட்டி திரும்பி வந்தது. நான் திறக்கவில்லை. என் மூச்சுப் பட்டு விலை குறைந்துவிடக் கூடாதே!

வெள்ளிக்கிழமை தனுஷ்கோடி தோளில் ஒரு சாக்குப்பையோடு வந்தார். கூடத்தில் நின்றுகொண்டு, "பழைய இரும்பு, பித்தாள, ஈயம்!" என்று கூவினார். அவ்வளவு நடிப்பை நான் கேட்கவில்லை. வெங்கடேஸ்வரி அவருக்கு மோர் கொடுத்தாள். பெட்டியையும் அவளே திறந்தாள்.

தனுஷ்கோடியின் கையிலிருந்த தம்ளர் சாய்ந்தது.

கிட்டாரின் முன்பக்கம், மார்பிலிருந்து இடுப்பு வரை, அசல் பெயின்ட்டைக் குடைந்து, சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டும் அதே புள்ளி எழுத்தில், மூன்று வரிகள்: "தம்பி ஜெயபாண்டி / அக்கா வெங்கடேஸ்வரிக்குக் / கொடுத்த சீர்."

"என்னட்டி இது?" என்றேன்.

"பேரு வெட்டிருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருல பாத்திரக் கடை வேல்சாமி வெட்டுனாரு. பொறந்த வீட்டுச் சாமான் பேரில்லாமப் போகலாமா? கொடம், தவலை, குத்துவெளக்கு, எல்லாத்துலயும் இருக்குல்ல?"

"அது பாத்திரம்!"

"இது கட்டை. வெட்டுறதுக்கு இன்னும் லேசா இருந்துச்சாம்."

"முன்பக்கத்துலயாம்மா?" தனுஷ்கோடி ஏறக்குறைய அழுதார்.

"பின்பக்கம் வெட்டுனா யாருக்குய்யா தெரியும்?"

"அந்தப் பெயின்ட்டு..."

நான் இருமினேன்.

"அடுப்புல வைக்கப் போறதுக்குப் பெயின்ட்டு எதுக்கு? எடுத்துட்டுப் போங்கய்யா."

"எனக்கு வேண்டாம்மா."

"ஏன், வெறகுக்குக்கூடவா ஆகாது?"

"சீர்ச் சாமான நாங்க தொடுறதில்லம்மா." அவர் போய்விட்டார். சாக்குப்பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது நான் கத்த வேண்டும். வீடு இடிகிற மாதிரிக் கத்த வேண்டும். ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? கெடுத்துவிட்டாய் என்றால், எதை என்று கேட்பாள். பொன்னெழுத்து என் கண்முன் புள்ளி எழுத்தாயிற்று.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்று மட்டும் கர்ஜித்தேன்.

"கட்டைக்கெல்லாமா கேப்பாக?" என்றபடி உள்ளே போனாள். சுத்தியலோடு வந்தாள். அதை என் கையில் வைத்து, அலமாரிக்கு மேலே சுவரைக் காட்டினாள்.

"அந்த எடத்துல ஆணி அடிங்க. இங்கேயே தொங்கட்டும்."

அத்தனை கோபத்தையும் காலண்டர் மாட்டும் ஆணி ஒன்றின் தலையில் இறக்கினேன்.

வெங்கடேஸ்வரி அதை விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"இது தாங்காது. பெருசாப் பாத்து அடிங்க. ஒரு வீட்டு வெலையாக்கும்னு எந்தம்பி அன்னைக்கே எங்கிட்டச் சொன்னான்."