லேசர் வைத்துக்கொள்ளப் போகிறவர்

உலகத்தில் கண்ணாடி போட்டவர், போடாதவர் என்று இரண்டே வகை மனிதர்கள் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது வகை ஒன்று உண்டு: லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கி எறிவதா வேண்டாமா என்று தீர்மானித்துக்கொண்டே இருப்பவர். கஜகஸ்தானில், எங்கள் அல்மாத்தி நகரத்தில், பேருந்துக்கு ஒருவராவது தேறுவார். அடையாளம் சுலபம். பனிக்காலத்து வெளிக்குளிரிலிருந்து உள்ளே ஏறியதும் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து, முன்னால் இருப்பது ஆளா கம்பியா என்று தெரியாமல் கம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறாரே, அவர்தான். அந்த நிமிடமே சபதம் செய்துவிடுவார்: இந்த வாரமே லேசர். இரண்டாவது நிறுத்தத்துக்குள் ஆவி கலைந்துவிடும். சபதமும்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி? பதிமூன்று வருட அனுபவம். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு.

இவர் சும்மா தள்ளிப்போடுகிறவர் அல்ல, ஆராய்கிறவர். கல்யாண விருந்தில், சிகிச்சை செய்துகொண்டவர் யாராவது கிடைத்தால் கறித்தட்டு ஆறுகிற வரை விடமாட்டார். ஒன்பது பேர் "ரொம்ப நல்லா இருக்கு" என்றால் அவர் முகம் வாடிவிடும். பத்தாவது ஆள், இருட்டியபின் தெருவிளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது என்றால், கடைசியில் ஒரு அறிவாளி அகப்பட்டார் என்று கைகுலுக்குவார். மருத்துவர் வேண்டாம் என்றால் வேறு மருத்துவரிடம் போவார். செய்யலாம் என்றால் சந்தேகப்படுவார். எல்லாம் சரியாக இருந்தால் கடைசி அஸ்திரம்: அந்த மருத்துவரே கண்ணாடி போட்டிருக்கிறாரே, ஏன்?

இந்தக் கேள்வியை நான் என் கண் மருத்துவர் இரீனா பாவ்லோவ்னாவிடம் ஐந்து முறை கேட்டிருக்கிறேன். ஐந்தாவது முறை அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு அம்பத்திரெண்டு வயசு. இது படிக்கறதுக்கு. உங்களுக்கும் இது வரத்தான் போகுது. இப்பவே நாப்பத்திநாலு. இந்த வருஷம் பண்ணிக்கிட்டா கொஞ்ச வருஷமாவது வெறும் கண்ணோட இருக்கலாம். இன்னும் யோசிச்சீங்கன்னா, யோசிச்சதுதான் மிச்சம்."

எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் படுக்கையறைச் சன்னலில் மலை இருக்கிறது என்கிறார்கள். காலையில் கண் விழித்ததும், மேசையைத் தடவாமல், அதைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். வியாழக்கிழமை என்று நாள் குறித்துக்கொண்டேன்.

பிறகு, கஜகர்களான எங்களவர் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தேன். பெரியவரின் ஆசி இல்லாமல் பெரிய காரியம் எதுவும் கூடாது என்று, செவ்வாயன்று என் தாய்மாமா தோலேகனையும் உறவினர் இருபது பேரையும் விருந்துக்கு அழைத்தேன். வெளியில் சொன்ன காரணம் ஆசி. உள்ளே இருந்த நம்பிக்கை, இருபது பேரில் ஒருவராவது தடுப்பார் என்பது. பாவிகள், ஒருவர்கூடத் தடுக்கவில்லை. மாமா கைகளை ஏந்தி, என் கண்கள் கொள்ளுப்பேரன் கல்யாணம் வரை பார்க்கட்டும் என்று நீளமாக ஆசி சொன்னார். எல்லோரும் "ஆமின்" சொல்லி, உள்ளங்கைகளால் நெற்றி முதல் மோவாய் வரை முகத்தைத் தடவிக்கொண்டோம். கண்ணாடிக்காரர்கள் விருந்திலிருந்து கண்ணாடி நிறையக் கைரேகையோடு வீடு திரும்புவது இதனால்தான்.

என் மனைவி ராவ்ஷான் ஆசிக்குப் பிறகு மருத்துவமனைத் தாளைப் பிரித்துப் படித்தாள். அவளுக்கும் கண்ணாடி உண்டு. என்னோடு ஐந்து முறையும் துணைக்கு வந்து, வந்த கையோடு அவளும் பரிசோதித்துக்கொண்டவள்.

"ஒரு மாசத்துக்குக் கண்ணுல கை படக்கூடாதாம்" என்றாள்.

மாமா யோசித்தார். "அப்ப ஆசியை எப்படிடா வாங்கிக்குவே? முகத்துல தடவலேன்னா அது ஒட்டுமா?"

விருந்து சபையாகிவிட்டது. கன்னத்தை மட்டும் தடவினால் போதும் என்றார் ஒருவர். அரை ஆசி அரைக் கண்ணுக்குத்தான் பலிக்கும் என்றார் இன்னொருவர். ஆசி சொல்லும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடலாம் என்று அத்தை சொன்னதற்கு, விருந்தாளிக்கு இதைவிட அவமானம் உண்டா என்று கூச்சல். எனக்கோ உள்ளுக்குள் தேன் வடிந்தது. ஆசி நேரத்தில் எப்போதும் அடுத்த கறித்துண்டைக் குறிவைத்துக்கொண்டிருந்த நான், அன்று மரபின் காவலனாக எழுந்து நின்றேன். ஒரு மாதம் ஆசியில்லாமல் வாழும் அளவுக்கு இந்தப் பார்வை அவசியமா என்று கேட்டேன். சபை உருகியது. மருத்துவரைப் போனில் அழைத்து, தள்ளிவைக்கச் சொன்னேன்.

ராவ்ஷான் கையை நீட்டினாள். "போனை இப்படிக் குடுங்க." வாங்கிக்கொண்டாள். "இரீனா பாவ்லோவ்னா, அதே நேரத்துக்கு நான் வர்றேன்."

வியாழனன்று போனாள், வந்தாள். அவ்வளவுதான். மாலையில் மாமா வந்து ஆசி சொன்னபோது, முகத்துக்கு ஒரு சாண் முன்னால் காற்றைத் தடவி "ஆமின்" என்றாள். மாமா உன்னிப்பாகப் பார்த்தார்.

"ஒட்டிருச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்தில் படுத்தபடியே அவள் சொன்னாள்: "மேல புதுசா பனி விழுந்திருக்குங்க. நடுச் சிகரத்துல மட்டும்."

எங்கே என்று கேட்டுக்கொண்டே மேசையைத் தடவினேன். கண்ணாடி கட்டிலுக்கடியில் விழுந்தது. குனிந்து தேடி, துடைத்து, போட்டுக்கொண்டு நிமிர்வதற்குள் மேகம் மூடிவிட்டது.

அது நடந்து மூன்று வருடம். இப்போது படிக்க வேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிறேன். 'பார்த்தீர்களா, லேசர் வைத்துக்கொள்ளாததால்தான் வெறும் கண்ணால் படிக்கிறேன்' என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது உண்மையும்கூட, அதுதான் கொடுமை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் இரீனா பாவ்லோவ்னா. ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் அதை அடித்துச் சொல்வதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று இந்த நிமிடம் தோன்றியிருந்தால், கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன். வாருங்கள், பக்கத்தில் இடம் இருக்கிறது.