தம்பியின் காரும் மூன்று மின்னல் வேட்டைக்காரர்களும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். எல்லோரும் என்பதில் உன் காரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு கீறல்கூட இல்லை. இந்த வரியை இன்னொரு முறை படித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேற்கொண்டு படி.

எதிர்வீட்டம்மா உனக்கு அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பாய். உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் அனுப்பினாராம். எங்கள் வீட்டுக் கார் ஷெட் அந்தப் படத்தில் தகரமும் இரும்புக் குழாயும் முறிந்த மரக்கிளையுமாகக் கிடக்கிறது. அடியில் உன் காரின் சாம்பல் நிற உறை எட்டிப் பார்க்கிறது. உறைக்கு அடியில் என்ன இருக்கும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் இல்லை. உறைக்கு அடியில் சிமென்ட் தரைதான் இருக்கிறது. கார் அந்த நேரத்தில் அங்கே இல்லை. "ஷெட்டைவிட்டு ஒரு அடி வெளிய எடுக்காதக்கா, வாரம் ஒருதரம் ஸ்டார்ட் மட்டும் பண்ணு" என்று நீ விமான நிலையத்திலிருந்துகூடக் கூப்பிட்டுச் சொன்ன கார் ஏன் அங்கே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்காததற்குக் காரணம், என் போன் ஷெட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் விழுந்து இப்போது அரிசி டப்பாவுக்குள் ஓய்வெடுக்கிறது. உன் அத்தான் எடுக்காததற்குக் காரணம், திரையில் உன் பெயரைப் பார்த்தாலே அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

உன் அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் போன கோடைக்குப் பிறகு தெரியாது. பல் டாக்டர் என்றால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்ப்பவர். இத்தனை வருஷம் குனிந்தே இருந்த மனுஷன் ஒரு நாள் நிமிர்ந்து ஜன்னல் வழியாக ஒரு கருமேகத்தைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் கிளினிக் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். போன மாதம் ஒருத்தருக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு "அப்படியே திறந்து வெச்சிருங்க, வந்துடறேன்" என்று மாடிக்கு ஓடி, மேகம் கலையும்வரை படம் எடுத்திருக்கிறார். அவரும் அப்படியே திறந்து வைத்திருந்தார், பாவம். மரியாதையானவர். மரப்பு போன பிறகும் மூடவில்லை. கேமராவைக் கார் ஜன்னலில் வைத்துக்கொண்டு மழையில் நின்றதில் எங்கள் கார் உள்ளே குளமாகி, இருக்கைக்கு அடியில் காளான் முளைத்து, இப்போது பட்டறையில் நிற்கிறது. மெக்கானிக் அதைத் திருப்பித் தரவும் மாட்டேன் என்கிறார், வைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார்.

இந்த மின்னல் வேட்டையில் அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் மருந்துக்கடைக்காரர். பெரிய உடம்பு, சின்ன போன். அந்த போனில் எந்நேரமும் மழை ராடார் படத்தையே பார்ப்பதால் அவருக்கு ராடார் என்றே பெயர். கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வருபவரிடம் மேற்கே சிவப்பு தெரிகிறது, அதாவது பெருமழை, என்று சொல்லி அனுப்புவார். இன்னொருவர் தையல்கடை அம்மா. அவர்தான் மூவரில் உருப்படியாகப் படம் எடுப்பவர், மூன்று கேமராவுக்கும் மழைச்சட்டை தைத்துக் கொடுத்தவரும் அவரே. கழுத்தளவு, கையளவு எல்லாம் எடுத்து, பட்டன் வைத்து. எங்கள் வீட்டுக் கேமராவுக்கு இருக்கிற சட்டை எனக்கு இல்லை.

போன வாரம் ஒரு மத்தியானம், உலையைத் திறந்து வைத்த மாதிரி வெயில். ராடார் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, மேற்கே சிவப்பு. சிவப்புக்குள்ள ஊதா. நாலு மணிக்கு நேரா கல்குவாரி மேட்டுக்கு வருது. இந்த வருஷத்துலயே பெருசு."

"வரட்டுமே. அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுது."

"போறதுக்கு வண்டி இல்ல அண்ணி."

நான் உன் அத்தானைப் பார்த்தேன். அவர் ஷெட்டைப் பார்த்தார். தையல்கடை அம்மா யாரையும் பார்க்காமல், "வண்டியை ஒரே இடத்துல நிறுத்தி வெச்சா டயர் பாழாயிடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு" என்றார். அவர் வீட்டுக்காரர் சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை.

"சாவியை மட்டும் கொடு, குழந்தை மாதிரி ஓட்டறேன்" என்றார் உன் அத்தான். குழந்தைக்கு எங்கே ஓட்டத் தெரியும் என்று கேட்டேன். தம்பி, சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கை நான் கடைசிவரை காப்பாற்றினேன். சாவியைக் கொடுக்கவில்லை. நானே ஓட்டினேன்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இடி என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும், உன்னைவிட யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் மின்னினால் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்போம். நீ உன் காதைப் பொத்திக்கொள்ளாமல் என் காதுக்குள் உன் இரண்டு விரலையும் விட்டுக்கொண்டு கிடப்பாய். இந்த வயதிலும் நான் மின்னல் வந்தால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாமல் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு. ஒருவேளை உன் அத்தான் என்னை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கும்படி அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நினைத்தேனோ என்னவோ. நாற்பதைத் தாண்டினால் பயமும் ஒரு பழைய வாடகைக்காரர் மாதிரிதான். எதற்காக வைத்திருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது.

நீ இன்னும் உரிக்காமல் வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறையோடு இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. நாங்கள் நாலு பேரும் அதில் ஒட்டிக்கொண்டும் உரிந்துகொண்டும் போனோம். ராடார் மூச்சு விட்டால்கூட பின்சீட் கிறீச்சிட்டது. கல்குவாரி மேட்டுக்குப் போனால் வானம் துடைத்து வைத்த கண்ணாடி. ராடார் போனைப் பார்த்து, "மேகக்கூட்டம் ரெண்டா பிரிஞ்சிடுச்சு, வலது பக்கம் நகருது" என்றார். வலது பக்கம் போனோம். அங்கே ஒருவர் வாசலில் மெத்தையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இப்போ இடது பக்கம்" என்றார் ராடார். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, நீளமான சரக்கு வண்டி ஒன்று முடியவே முடியாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளி விழவில்லை. நாங்கள் போகிற ஊரிலெல்லாம் துணி நன்றாகக் காய்ந்தது.

அந்தி சாயும் நேரம், மரங்களுக்குப் பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சென்று ஒன்று வெட்டியது. திரும்பவும் வெட்டியது. வண்டியை நிறுத்து நிறுத்து என்று மூன்று பேரும் இறங்கி, முக்காலிகளை நட்டு, வெளிச்சம் பட்டால் தானே படம் எடுக்கிற கருவியைக் கேமராவில் மாட்டினார்கள். மூன்று கேமராவும் தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தன. உன் அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி விடாம அடிக்கிற மின்னலை நான் பாத்ததே இல்ல" என்றார்.

தையல்கடை அம்மாதான் சொன்னார். "எல்லாம் சரி, இடிச்சத்தமே காணோமே."

"தூரத்து மின்னல். சத்தம் வந்து சேராது" என்றார் ராடார்.

"அப்ப ஏன் ஒரே எடத்துலயே அடிக்குது?"

"அதுதான் அபூர்வம்."

கிட்டே போய் எடுக்கலாம் என்று வண்டியை மெதுவாக மரங்களைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு வெல்டிங் பட்டறை. இரும்புக் கதவு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் முகமூடியைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கேட் பண்ணணுமா சார்?"

உன் அத்தான் கேமராவை மடிக்குள் மறைத்துக்கொண்டார்.

"போட்டோ எடுத்தீங்களா? எடுத்திருந்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. நான் வேலை செய்யறதை வீட்டுல யாரும் நம்பறதில்ல."

அப்போதுதான் என் போன் அடித்தது. எதிர்வீட்டம்மா. பின்னால் ஏதோ லாரியிலிருந்து பாறாங்கல்லைக் கொட்டுகிற சத்தம். "எங்கம்மா போய்ட்டீங்க எல்லாரும்? இங்க வானமே பொத்துக்கிட்டு ஊத்துது. பக்கத்து மனை மரம் முறிஞ்சு உங்க ஷெட்டு மேல விழுந்துடுச்சு. ஷெட்டு அப்படியே உக்காந்துடுச்சும்மா."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தம்பி கார்" என்று கத்தினேன். "அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன், எத்தனை ஆசையா வாங்கினான், எல்லாம் போச்சே" என்று அழவே ஆரம்பித்துவிட்டேன். தையல்கடை அம்மா உச்சுக்கொட்டினார். ராடார்கூட "அடடா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு உன் அத்தான் என் தோளைத் தொட்டு, "அதுலதானம்மா உக்காந்திருக்கே" என்றார்.

தம்பி, அந்த நிம்மதியை உனக்கு எப்படி எழுதுவது. டாஷ்போர்டைத் தடவிப் பார்த்தேன். ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். வெல்டர் ஒதுங்கி நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் புயல் எங்களைக் கண்டுபிடித்தது. இவர்கள் மத்தியானமெல்லாம் துரத்தியதற்கு அது பதிலுக்குத் துரத்தியது என்றுதான் சொல்லவேண்டும். ஓட்ட முடியவில்லை. மரமும் கம்பமும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். "கண்ணாடியை ஏத்துங்க, இரும்பைத் தொடாதீங்க, மூடின காருக்குள்ள இருக்கறவரைக்கும் பயமில்ல. மின்னும்போது உயரமான எடத்துல நிக்கறவன்தான் முட்டாள்" என்று ராடார் வகுப்பு எடுத்தார். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள். நான் கண்ணை மூடி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன். முதல் இடி வந்தது. ஆனால் உன் காரின் கதவுகள் அவ்வளவு இறுக்கம். சத்தம் எங்கோ அடுத்த அறையில் கட்டிலை நகர்த்துகிற மாதிரி அமுங்கித்தான் வந்தது. கட்டிலுக்கு அடியில் உன் விரலைத் தாண்டி வருமே, அதே சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. மெல்ல விரலை எடுத்தேன், கண்ணையும் திறந்தேன்.

அதை என்னால் எழுத முடியாது, முயற்சி செய்யவும் மாட்டேன். வானத்தில் ஒரு மரம் தலைகீழாக முளைத்தது, வேரோடு, நின்று, அணைந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் தலையைக் குனிந்து காலடியில் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். வெல்டிங்கை எடுத்து எடுத்து மூன்று கேமராவிலும் பேட்டரி தீர்ந்துபோய், மாற்றுப் பேட்டரி தேடிக்கொண்டிருந்தார்கள். "போன கோடையிலிருந்து இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்று உன் அத்தான் சீட்டுக்கு அடியிலிருந்து சொன்னார். அதைப் பார்த்தது காரில் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்தால், ஷெட்டின் நடு உத்திரம் சரியாக ஓட்டுநர் இருக்கை இருந்திருக்கவேண்டிய இடத்தில் கிடந்தது. மடித்து வைத்த உறை அதற்கடியில் நசுங்கிக் கிடந்தது. நீ சொன்னபடி நான் நடந்திருந்தால் இன்று உன் காரைப் பாயாகச் சுருட்டிக் கொடுக்கலாம். உன் அத்தான் அந்த உத்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நாங்க எங்க போறோமோ அங்க புயல் வராது. அப்படின்னா உன் தம்பி காருக்கு எங்களைவிடப் பாதுகாப்பான எடம் உலகத்துலயே கிடையாது" என்கிறார். கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஆகவே கவலைப்படாதே. காரைக் கழுவித் துடைத்து வாசல் தெருவில் நிறுத்தியிருக்கிறேன். நீ வருவதற்குள் ஷெட்டை எழுப்பிவிடுவோம். அந்த வெல்டரிடமே சொல்லியாகிவிட்டது. இனி கார் நகராது, சத்தியம். உன் மனைவிக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நூறு கோடை காண வேண்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: இந்தக் கடிதத்தை நேற்று சாயங்காலம் முடித்து, அனுப்பாமல் வைத்துவிட்டுக் காப்பி போட எழுந்தேன். மேலே "ஒரு கீறல்கூட இல்லை" என்று எழுதியிருப்பதை நான் மாற்றவில்லை, ஏனென்றால் அது இப்போதும் உண்மை. இது கீறல் அல்ல, பள்ளம். அந்த நேரம் பார்த்து, இடிந்த ஷெட்டுக்குப் பின்னால் மேகம் ஒன்று எழும்பியதாம். மதில் மறைக்கிறது என்று ராடார் உன் காரின் கூரைமேல் ஏறி நின்றுவிட்டார். ஆம், உயரமான இடத்தில் நிற்கிறவன் முட்டாள் என்று சொன்ன அதே ராடார். எவ்வளவு ஆழம் என்று கேட்காதே. காலையில் அதில் ஒரு குருவி குளித்தது. ஆனால் அவர் எடுத்த படத்தை இதோடு அனுப்புகிறேன், பள்ளத்தைப் பற்றி யோசிக்கும் முன் அதைப் பார். வலது மூலையில் இருப்பது நிஜமான மின்னல், வெல்டிங் அல்ல, விசாரித்துவிட்டேன். இடது மூலையில் வாசலில் நிற்பது நான். என் கைகளைப் பார் தம்பி. இரண்டுமே காதில் இல்லை. ஒன்று இடுப்பில் இருக்கிறது. இன்னொன்றில் செருப்பு இருக்கிறது, அது ராடாருக்காகக் கழற்றியது.