வேட்டி இல்லாத கோபம்

கோபப்படுகிற ஆம்பிளைக்கு நியாயம்கூட இரண்டாம்பட்சம்தான். முதலில் இடுப்பில் வேட்டி இருக்க வேண்டும். குனிந்து, கரையைப் பிடித்துத் தூக்கி, மடித்துக் கட்டி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவனுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மீதியை மட்டும் வாயால் சொன்னால் போதும். இந்த உண்மை எனக்குத் தெரியவந்த இடம் கொடைக்கானல் மலையில் ஓர் ஏரிக்கரை ஓட்டல். எதிரில் இருந்தவர் என் தங்கைக்கு மாமியாராக வரப்போகிறவர். என் இடுப்பில் அன்றைக்கு வேட்டி இல்லை.

எனக்குச் சங்கரன்கோவிலில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. கிணற்று மோட்டார் சூடேறினால் தானாக நின்றுவிடுவதற்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. அது இல்லாமலே என்னைப் பெற்றுவிட்டதாக அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அப்பா காலமான பிறகு வீட்டுக்குப் பெரிய மனுஷன் நான்தான் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. (மீசை சரியாக வளராத பெரிய மனுஷன்.)

என் தங்கை கோமதி பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையாக ஒரு திட்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. பரவவில்லை. ஒட்டாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஊரில் யார் விடுகிறார்கள்? பெண் பார்க்க வருவார்கள், கேசரியை வழித்துத் தின்பார்கள், ஊருக்குப் போய்ப் போன் பண்ணுதோம் என்பார்கள். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் எவனாவது ஒரு புண்ணியவான் காதில் ஓதியிருப்பான். அந்தப் போன் வரவே வராது. அப்படிப் போன ஒவ்வொருத்தர் முகமும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்கேயாவது பார்த்தால் தின்ற கேசரியைத் திருப்பிக் கேட்பேன்.

அதனால்தான் கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை கார்த்தி வீட்டார் வந்தபோது அம்மாவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். தாலி ஏறுகிறவரை மூச்சு விடக்கூடாது. கோமதிக்கு எல்லா ஜாக்கெட்டும் முழுக்கை. இது புதிதும் இல்லை, பல வருடமாக அவளுக்கு முழுக்கைதான். கார்த்தியின் அப்பா பரமசிவம் மாமாவுக்குப் பூர்வீகம் வாசுதேவநல்லூர். அவன் அம்மா விஜயா அத்தை கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வாய்க்கு வாய் ‘ங்க’ போடுகிறவர். நல்ல குடும்பம். பூ வைத்தும் ஆகிவிட்டது.

அப்போதுதான் கார்த்தி போன் பண்ணினான். அவன் கம்பெனி மூலமாக அந்த ஓட்டலில் அறை கிடைக்கிறதாம். இரண்டு குடும்பமும் இரண்டு நாள் சேர்ந்து தங்கினால் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ளலாமாம். எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுவது எந்த ஊர் வழக்கம்? வேண்டாம் என்றுதான் சொல்லப் போனேன். வர மாட்டோம் என்றால் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள் என்றாள் அம்மா. எதையோ மறைத்துக்கொண்டுதான் இருந்தோம் என்பதால் கிளம்பினோம்.

ஓட்டலுக்குள் கால் வைத்ததிலிருந்து எனக்குக் கோபம். தண்ணீர் கேட்டால் அதில் ஒரு வெள்ளரித் துண்டும் இரண்டு இலையும் மிதக்கக் கொண்டுவந்து நீட்டினார்கள். தண்ணீரில் குப்பை விழுந்தால் கொட்டிவிட்டு வேறு தருவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. டீ கேட்டால் பால் தனி, சீனி தனி, டிக்காஷன் தனி. நானே கலந்து குடிப்பதற்கு நான் எதற்கு மலையேறி வரவேண்டும்? அம்மாவும் கோமதியும் தங்கிய அறையில் குளிக்கிற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுவருக்குப் பதில் கண்ணாடி. அம்மா கொண்டுவந்த சேலைகளை விரித்துக் கட்டி அதை மறைத்தோம். குளிக்கிற இடத்து ஜன்னலுக்கு வெளியே ஏரி, பனி, மலை எல்லாம் தெரிந்தன. கட்டின சேலைகளை அவிழ்த்தால்தானே கட்டிலில் இருந்து அதைப் பார்ப்பதற்கு.

இதற்கு நடுவில் அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து, ‘ரிலாக்ஸ் பண்ணுங்க சார்’ என்றார்கள். நான் சும்மாதான் இருக்கிறேன் என்று முதல் ஆளிடம் பொறுமையாகச் சொன்னேன். அடுத்த ஆளிடம் அவ்வளவு பொறுமையாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் ஸ்பா என்றான் கார்த்தி. ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். முழங்கால் வரை தொங்கும், இடுப்பில் துணி பெல்ட். அதைப் போட்டுக்கொண்டு எல்லோரும் நடமாடினால் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஆஸ்பத்திரி வார்டு போல இருந்தது. அம்மா சேலையை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கோமதி முழுக்கை ஜாக்கெட்டுக்கு மேலேயே அங்கியை மாட்டிக்கொண்டாள். நான் பட்டாபட்டி டவுசரைக் கழற்றாமல் அதற்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வேலை செய்த ஒரே புத்தி அதுதான்.

ஏரியைப் பார்த்த ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். கார்த்தி படகுக்குச் சொல்லிவிட்டு வருவதாகப் போய்விட்டான். பரமசிவம் மாமா கண் மேல் வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். (அந்த ஓட்டலில் வெள்ளரிக்காயை யாருமே சாப்பிடுவதில்லை.) என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் ஒரு செம்புத் தொட்டியில் வெந்நீருக்குள் விட்டு, மேலே ரோஜா இதழைத் தூவினார்கள். திரும்பிப் பார்க்கிறேன், விஜயா அத்தை முகம் முழுக்க மண்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியிலும் இட்டுக்கொள்வோம். அரிப்பு, படை, தேமல் என்று தோலில் எது வந்தாலும் தண்ணீரில் குழைத்துப் பூசுவோம். ஆகவே எங்கள் ஊர்க்காரன் கண்ணுக்கு ஒருவர் மேல் மண் அப்பியிருந்தால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான், அவருக்குத் தோலில் ஏதோ கோளாறு. அழகுக்காக மனிதர்கள் மண் பூசுவார்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அதனால் முதலில் எனக்கு வந்தது, ஏமாற்றிவிட்டார்களே என்ற ஆத்திரம். முகமெல்லாம் வியாதியை வைத்துக்கொண்டு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? நாங்கள் மறைப்பது வேறு, இவர்கள் மறைப்பது வேறு இல்லையா? இதை யாரிடம் கேட்பது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, அங்கே வேலை பார்க்கிற பெண் ஒரு கிண்ணம் நிறைய மண்ணோடு கோமதியிடம் வந்தாள். அத்தைக்கு எதிரிலேயே சிரித்துக்கொண்டு கேட்டாள், “மேடம், ஸ்கின்ல ஏதாச்சும் ப்ராப்ளம் இருக்குங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

எனக்கு எல்லாம் பட்டென்று விளங்கிவிட்டது. (விளங்கியது எல்லாமே தப்பு.) இவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நேராகக் கேட்க முடியாமல் மலைக்கு வரவழைத்து, அத்தை தன் முகத்தில் முதலில் பூசிக்காட்டி, என் தங்கையின் கையைத் திறக்கப் பார்க்கிறார்கள். இந்தச் சம்பந்தமும் போச்சு. போகிறதுதான் போகிறது, இந்தத் தடவையாவது கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

அத்தையைப் பார்த்து, என்ன அத்தை இதெல்லாம் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. காய்கிறவரை வாயைத் திறந்தால் மண் வெடித்துவிடும், பேசக்கூடாது என்று அந்தப் பெண் அவரிடம் சொல்லியிருந்தாளாம். எனக்கு அது எப்படித் தெரியும்? மண் முகத்துக்குள் இரண்டு கண் மட்டும் என்னை உற்றுப் பார்த்தன. மறுபடியும் கேட்டேன். கையைத் தூக்கி, பொறு என்பது போல ஆட்டினார். எனக்கு அது, போ போ என்று விரட்டுவது போலத் தெரிந்தது.

அம்மா என் பக்கம் திரும்பி, “ஏலே, சும்மா இரிலே” என்றாள். அம்மா அப்படிச் சொல்லி நான் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

“கேக்கணும்னா எங்கிட்ட நேர கேக்க வேண்டியதுதான அத்தை? மலைக்குக் கூட்டியாந்து, மண்ணக் கொழைச்சு வச்சு, ஆள் வச்சா கேப்பாக? ஆமா, பிள்ளைக்குக் கையில வெள்ளையாத்தான் இருக்கு. அதுக்கு இப்போ என்ன? ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நாங்களும் எத்தனையோ வெள்ளிக்கெழமை புத்துமண்ணு பூசிப் பாத்துட்டோம்.”

ஊரே கூடி எங்களிடமிருந்து பிடுங்க முடியாத ரகசியத்தை, யாரும் கேட்காமலே மொத்தக் கூடத்துக்கும் அறிவித்துவிட்டேன். அப்போதும் எனக்கு அது உறைக்கவில்லை. பேச்சு சூடேறியதும் கை தன்பாட்டுக்குப் பழக்கப்பட்ட வேலையைப் பார்த்தது. தொட்டிக்குள்ளேயே எழுந்து நின்று, குனிந்து, அங்கியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, மடித்துக் கட்டுவதற்காக ஒரு சுண்டு சுண்டினேன்.

அங்கி வேட்டி இல்லை. பெல்ட் அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. அங்கி இரண்டு பக்கமும் விரிந்தது. பச்சைக் கோடு போட்ட பட்டாபட்டியோடு, முழங்கால் வரை ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டு, நான் அத்தனை பேருக்கும் காட்சி கொடுத்தேன். அங்கியைச் சேர்த்துப் பிடிக்கப் போனதில் கால் வழுக்கித் தொட்டி கவிழ்ந்தது. வெந்நீர் மாமாவின் நாற்காலிக்குக் கீழே பாய, அவர் வெள்ளரித் துண்டுகள் தெறிக்க எழுந்து உட்கார்ந்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதது நான் விழுந்ததற்காக இல்லை.

அந்தப் பெண் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டு, “ரிலாக்ஸ் சார்” என்றாள்.

நான் அதற்கும் கத்தியிருப்பேன். அதற்குள் கோமதி எழுந்துவிட்டாள். அவள் என்னைப் போலக் கத்துகிறவள் இல்லை. அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். ஜாக்கெட் கையின் கொக்கியை அவிழ்த்து, முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். அந்தக் கையை மண் கிண்ணம் வைத்திருந்த பெண்ணிடம் நீட்டி, இதுதான் இருக்கு, இதுக்கு மேல பூசலாமா பாருங்க என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“அவங்களுக்கு எல்லாம் தெரியும்ணே. பூ வைக்கதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன். போட்டோ எடுத்தும் அனுப்பியாச்சு. நீயும் அம்மாவுந்தான் மறைச்சு வச்சிய. சித்திர வெயில்லயும் முழுக்கை போட்டு வெந்தது நானு. ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டியளா?”

நான் அங்கியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிலையில் ஒரு மனிதனால் நியாயம் பேச முடியாது.

அப்போது விஜயா அத்தையின் முகம் வெடித்தது. முதலில் கன்னத்தில் ஒரு கீறல், பிறகு வாயோரம், பிறகு மண் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. அத்தனை நேரம் அவர் சிரிப்பைத்தான் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரிடம் நடந்ததைச் சொல்லி முடித்ததும், அவர் எங்கள் பக்கத்து மனுஷன் ஆனதால், புற்றுமண் விவகாரம் உடனே பிடிபட்டது. “அட மருமவனே, நீ எங்க விஜயாவுக்குப் படை வந்திருக்குன்னுலா நெனைச்சிருப்ப” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார், “இந்த மண்ணு ஒரே நாத்தமுங்க. உங்க கோயில் மண்ணு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?” அம்மா வெளியூர் கிளம்பினால் கைப்பையில் புற்றுமண் பொட்டலம் இல்லாமல் கிளம்பியதே இல்லை. அழுகையோடு பிரித்துக் கொடுத்தாள். அத்தை ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, கோமதி நெற்றியிலும் இட்டார். எனக்கும் நீட்டினார். அங்கியைப் பிடித்திருந்ததால் எனக்குக் கை இல்லை. அவரே வைத்துவிட்டார்.

மலை இறங்கி வருகிற வழி முழுக்கக் கோமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். ராஜபாளையம் தாண்டியதும் அனல் அடித்தது. அவள் சுருட்டிவிட்ட கையை இறக்கவில்லை. வெள்ளைத் திட்டு ஜன்னல் வெயிலில் அதுபாட்டுக்கு இருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன எல்லோர் மேலும் வைத்திருந்த கோபத்தில் ஒரு பங்கை நான் எனக்கும் அம்மாவுக்கும் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. சத்தம் போட முடியாத கோபம் ரொம்பச் சங்கடமானது.

கல்யாணம் எங்கள் ஊரில்தான். கோமதி குட்டைக்கை ஜாக்கெட் போட்டு மணையில் உட்கார்ந்தாள். நான் பட்டு வேட்டியில் கம்பீரமாக ஓடியாடிக்கொண்டிருந்தபோது போட்டோக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். கவலைப்படாதிய அண்ணாச்சி, கையில இருக்கதை ஆல்பத்துல தெரியாம அழிச்சிருவோம் என்று என் காதில் ரகசியமாகச் சொன்னார். உதவி செய்கிறதாகத்தான் அவருக்கு நினைப்பு. எனக்குக் காதுக்குள் சுடுதண்ணீர் ஊற்றியது போல இருந்தது. குனிந்து வேட்டிக் கரையைப் பிடித்தேன்.

மணமேடையிலிருந்து கோமதி பார்த்துவிட்டாள். என்ன விஷயம் என்றும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மேளத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது.

“அண்ணே, பெல்ட்டப் பிடிச்சுக்கிட்டுப் பேசு.”

கோயம்புத்தூர்க்காரர்கள் மொத்தப் பேரும் சிரித்தார்கள். விஜயா அத்தை சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தார். ஆனால் பேசாதே என்று அவள் சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேன். இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டி, போட்டோக்காரரிடம் பேச வேண்டியதை எல்லாம் பேசினேன். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அந்தக் கை அழியவில்லை.

இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், அம்மா முதல் கார்த்தி வரை ‘பெல்ட்டப் பிடி’ என்கிறார்கள். கோமதியின் மகளுக்கு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது. அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதற்கு முன்னால் கற்றுக்கொண்ட வார்த்தை பெல்ட்டு. இதற்கும் எனக்குக் கோபம்தான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவளைத் தூக்கிக்கொள்கிறேன்.