கோதண்டத்தின் தோள்பட்டைச் சபதம்

செத்தாலும் சுவரில் விரலை நடக்கவிட மாட்டேன் என்று மீஞ்சூரிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே சபதம் செய்துவிட்டேன்.

வலை இழுத்து இழுத்து என் வலது தோள் இறுகிப்போயிருந்தது. சட்டை போட இரண்டு ஆள் வேண்டும். மீஞ்சூரில் பிசியோதெரபி செய்கிற ஜெஸ்ஸி, என் மகள் வயசுப் பெண், மூன்று பயிற்சி சொன்னாள். சுவரில் விரலாலேயே மேலே ஏற வேண்டும். உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிறு இழுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலும் கீழும் தேய்க்க வேண்டும். இருபது நாள் செய்தால் கை தூக்க வருமாம்.

இருபத்தோராம் நாள் என் பாடு. ஏரியில் யார் எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று எங்கள் ஊரில் முறை வைத்திருக்கிறோம். அதுதான் பாடு. நல்ல இடம் வருஷத்துக்கு ஒருமுறைதான் எனக்கு வரும். கை முடியாதவன் என்று தெரிந்தால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் பக்கத்து வீட்டுத் தருமன். அவன் ஜன்னலில் நின்றால் என் வீட்டுக்குள் எல்லாம் தெரியும். நான் பல்லி மாதிரி சுவரேறுவதை அவன் பார்க்கவா?

"கம்முனு கெடந்தா தானா சரியாப்பூடும்," என்றேன் மனைவி அம்பிகாவிடம்.

"சரிய்யா," என்றாள்.

சண்டையே போடவில்லை. வீட்டில் என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை!

மறுநாள் என் செல்போன் சுவர்ப்பலகை மேல் இருந்தது.

"இன்னாத்துக்கு அங்க வச்சே?"

"எலி கடிக்குது."

"எட்த்துக் குடு."

"எறா உரிக்கிற கையி. நீயே எட்டி எடு."

"நாற்காலி?"

"காலு ஒடஞ்சிகீது."

இடது பக்கம் பீரோ. வலது கைதான் போகும். சுவரைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். தினம் ஒரு விரற்கடை பலகை உயர்ந்தது. கேட்டால், எலி வளருதாம்.

அடுத்து, கருவாட்டுக் கூடையை உத்தரத்தில் கப்பி போட்டுத் தொங்கவிட்டாள்.

"பூனைய்யா! தூக்கு!"

தூக்கினேன்.

"போயிடுச்சு. எறக்கு!"

நாளைக்கு முப்பது தடவை அந்தப் பூனை வந்தது. ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை.

"முதுகு அரிக்குதுடி."

"துண்டு கீதுல்ல?"

இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று நொந்துகொண்டே துண்டால் தேய்த்துக்கொண்டேன். ஆனாலும் சபதம் சபதம்தான். ஒரு பயிற்சிகூடச் செய்யவில்லை.

தருமன் ஜன்னலில் தலையை நீட்டினான். "இன்னா கோதண்டம், ஏரிப் பக்கமே காணோம்? கையி கிய்யி எதனா..."

"கருவாட்டுக்குக் காவல் கீறேன்டா!"

இருபத்தோராம் நாள் விடிந்தது. படகிலிருந்து வலை கட்டும் கழியை இரண்டு கையாலும் தூக்கிச் சேற்றில் ஊன்றினேன். தோள் முனகக்கூட இல்லை. தருமன் கரையில் வாயைப் பிளந்து நின்றான். அன்றைக்கு விழுந்த எறாவை ஊரே பேசியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இந்தக் கெத்தை ஜெஸ்ஸியிடம் காட்டாமல் விடுவேனா? அம்பிகாவையும் கூட்டிக்கொண்டு மீஞ்சூர் போனேன்.

"பாப்பா, நீ சொன்னதுல ஒண்ணுகூடப் பண்ணல. தானா சரியாப்பூச்சு!" கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

ஜெஸ்ஸி சிரித்தபடி தன் போனை நீட்டினாள். இருபது வீடியோ. அத்தனையிலும் நான். சுவரேறுகிறேன். கயிறு இழுக்கிறேன். முதுகு தேய்க்கிறேன்.

"அக்கா அவங்க போன்ல எடுத்து தினம் அனுப்பிடுவாங்க சார். பதினோராம் நாள் கூடையில இன்னொரு கிலோ போடச் சொன்னதே நான்தான்."

அம்பிகா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பாடு போவக்கூடாதுல்லய்யா."

கோபப்படத்தான் பார்த்தேன். அவ்வளவு எறா பிடித்தவனுக்குக் கோபம் எங்கே வரும்?

"அக்கா," என்றாள் ஜெஸ்ஸி, "பயிற்சி பண்ண மாட்டேன்னு அடம்பிடிக்கிற ஆம்பளைங்க இங்க நெறைய பேரு. எனக்கு ஒத்தாசையா வேலைக்கு வர்றீங்களா?"

இப்போது அம்பிகா தினமும் காலை பஸ்ஸில் மீஞ்சூர் போகிறாள். வீட்டில் மாவாட்டுவது, துணி துவைப்பது, பிழிந்து கொடியில் போடுவது எல்லாம் நான்.

தோளுக்கு அதுவும் நல்லதாம்.