தூணுக்குத் தையல் விட்ட கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். இடுப்பில் ஆபரேஷன் ஆகி வீடு திரும்பிய உங்கள் மனைவி, அதாவது என் தங்கை, பாதி நலம். அவள் வாக்கரோடு வெளியே போகப் பின்வாசலில் போடும் பலகை மேடையின் தூண்கள் நான்கும் நலமாக இல்லை.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் தெளிவாகத்தான் சொன்னீர்கள். "மச்சான், தூண் வார்க்கிற அச்சுக்கு மாதிரியா ஒரு அட்டைக்குழாய அறுத்து வெச்சிருக்கேன். இதே அளவுல இன்னும் மூணு அறுத்துக் குழியில நிறுத்துங்க. கலவை ஊத்த ஆள் வருவார்." நான் என்ன சொன்னேன்? "நாப்பது வருஷம் துணி வெட்டின கை. அட்டை வெட்டுறதுக்குக் கொத்தனார் பாடம் எடுக்கணுமா?" என்றேன். அந்த வாயை இப்போது தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெட்டில் குறை சொல்ல முடியாது. பழைய காலண்டர் தாளைக் குழாயைச் சுற்றி, விளிம்போடு விளிம்பு பொருத்தி, கோடு போட்டு, குழாயை உருட்டி உருட்டிப் பொடிப்பல் ரம்பத்தால் அறுத்தேன். பிசிறு இல்லை, கோணல் இல்லை. ஆனால் கைப்பழக்கம், ஒரு இன்ச் கூடுதலாகத் தையலுக்கு விட்டுவிட்டேன். குழாயை யார் தைக்கப்போகிறார்கள்? அது அப்போது தோன்றவில்லை. அதோடு விட்டேனா? இரண்டாவதை வைத்து மூன்றாவதையும், மூன்றாவதை வைத்து நான்காவதையும் அளந்தேன், ஒவ்வொன்றுக்கும் இன்னொரு இன்ச் தையல். கலவை ஊற்ற வந்தவர், "ஐயா, நாலும் நாலு உயரமா நிக்குதே?" என்றார். "கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், நீ ஊத்துப்பா" என்று அடக்கிவிட்டேன். இறுகியதும் அட்டையை உரித்துப் பலகையைப் போட்டோம். ஆடியது.

தங்கை வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல்வரை வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அறைக்குத் திரும்பிவிட்டாள். முன்வாசலில் ஆறு படி, அந்தப் பக்கம் வழியே இல்லை. தினம் இரண்டு வேளை வெளியே நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்க, நான்கு நாளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் அறுத்த ஒன்றுதான் சரியாக நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. உங்கள் தொழிலை மட்டமாகப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள், மாப்பிள்ளை.

நீங்களும் மட்டம் பார்க்கும் உங்கள் ரசமட்டமும் பத்திரமாக வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட மச்சான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தங்கை இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என் அளவு நாடாவோடு பின்வாசலுக்கு வரச் சொல்லி, என்னைக் குனிய வைத்து அளக்கச் சொன்னாள். உங்கள் மாதிரித் தூணின்மேல் பலகையை வைத்தால் வாசற்படிக்கு மூன்று இன்ச் கீழே நிற்கிறது. நான் அறுத்ததிலேயே மகா மோசமான நான்காவதுதான் படிக்குச் சமம். "ரெண்டு பேரும் பெரிய அளவுக்காரங்க! காலை எடுத்து வெக்கப்போறவ நான். எவ்வளவு உயரம் இறங்க முடியும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். ஆகவே மேலே உங்களிடம் கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கி, அவளிடம் கேட்டுவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் வந்து கேளுங்கள். அதற்குள் நான்காவதை விட்டுவிட்டு, உங்களுடையது உட்பட மற்ற மூன்று தூண்களையும் இடித்து வைக்கிறேன்.